கனகவல்லி அழுத படம்

போன வாரம் மத்தியானம், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே டிவியைப் போட்டேன். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், வாயில் வராது. பங்களாக்காரி ஒருத்தி சொத்தெல்லாம் போய், ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து, பட்டுச்சேலையோடு தெருக்குழாயில் குடம் பிடித்து நிற்பாள். கட்டினவன் கடைசியில் அவளை விட்டுவிட்டு, முன்பு ஆசைப்பட்டவளிடமே திரும்பிப் போய்விடுவான். நான் அழுவது வெங்காயத்துக்கா படத்துக்கா என்று மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டுக்கும் இல்லை, தாயி. வயிற்றெரிச்சல். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

வயிற்றெரிச்சலுக்கு ஒரு வாசனை உண்டென்றால், எனக்கு அது பருத்திக்கொட்டை வாசனை. அத்தான் சட்டையில் அதுதான் அடிக்கும். அத்தான் என் தாய்மாமன் மகன். நான் தொட்டிலில் கிடக்கும்போதே இவள் அவனுக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி மில்லில் கணக்கெழுதினார். ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காராச்சேவுப் பொட்டலம் கையில் இருக்கும். அதை அம்மாவிடம் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் ஞாயிறுதோறும் தலைக்குக் குளித்தேன்.

மில் முதலாளிக்கு ஒரே பெண், கனகவல்லி. முதலாளிக்கு அத்தானைப் பிடித்துப்போய்விட்டது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “கோவிச்சுக்கிடாத தாயி, எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்” என்றார். நல்லது என்றால் கார், மில்லு, மாடி வீடு. எங்களிடம் இருந்தது ஒரு பலசரக்குக் கடையும் நானும்.

முறைப்பெண் இருக்க வெளியில் பெண் எடுத்தால், அவளுக்கு ஒரு சேலை கொடுத்து மனசை ஆற்றிவிட்டுத்தான் தாலி கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். சேலையை வாங்கிக்கொண்டால் முறை விட்டது என்று அர்த்தம். அந்தச் சேலையையும் கனகவல்லியே கடைக்குப் போய் எடுத்தாளாம். மாம்பழக் கலர், அரக்குக் கரை. மட்டமாக இருந்திருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். பாழாய்ப்போனது, அவ்வளவு அழகாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மேலே போட்டுப் பார்த்தேன். என் நிறத்துக்கென்றே நெய்தது மாதிரி இருந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், என்ன, வாயைத் திறக்க மாட்டார். அவருக்குத் தறிப் பட்டறையில் வேலை. விதியைப் பாருங்கள், குடித்தனம் வைத்ததும் அதே அருப்புக்கோட்டையில். கடைவீதிக்குப் போனால் கனகவல்லி கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். பின் சீட்டில் அவள், பக்கத்தில் அத்தான். நான் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். கடைக்காரர் ஒருநாள், “யம்மா, ஒடிச்சதெல்லாம் நீங்கதான் வாங்கணும்” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாம்பழக் கலர் சேலைதான் கட்டியிருந்தேன், வீம்புக்கு. நாங்கள் கீழே பெஞ்சு டிக்கெட். மேலே பால்கனியில் கனகவல்லி. படத்தில் பங்களாவை ஏலம் விட்டார்கள், எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. தெருக்குழாய் சீன் வந்ததும் தியேட்டரில் இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் முறுக்கைக் கடித்தேன். புருஷன்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மட்டும் மூச்சுவிடாமல் பார்த்தேன்.

படம் விட்டு வெளியே வந்தால், கனகவல்லி கண் சிவந்து, முகமெல்லாம் வீங்கி, மாடிப்படியில் இறங்கி வருகிறாள். “இவுகளுக்கென்ன கேடு? கார்ல சாஞ்சுக்கிட்டு அழுக வேண்டியதுதான்” என்றேன். அம்மா என் கையைக் கிள்ளி, “மெதுவாப் பேசு, காதுல விழுந்துறப் போகுது” என்றாள். விழட்டுமே என்றுதான் பேசினேன்.

நம்ப மாட்டீர்கள், சில வருஷத்தில் அந்தப் படம் எங்கள் தெருவிலேயே ஓடியது. முதலாளி செத்துப்போனார். மில் நொடித்தது. கார் போயிற்று, மாடி வீடு ஏலத்துக்குப் போயிற்று. எங்கள் தெருக்கடைசியில் ஓர் ஒற்றை அறைப் பத்தி வீட்டுக்கு வாடகைக்கு வந்து இறங்கினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். இனி குழாய் சீன், அதற்கப்புறம் கடைசி சீன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

எங்கள் சீமையில் தண்ணீர் வருவது மழை வருவது மாதிரி, வந்தால்தான் நிச்சயம். விடிவதற்குள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம். கனகவல்லி பழக்கமில்லாமல் வந்து முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று, தண்ணிக் குழாய்க்குப் போய் யாராவது பூ வைத்துக்கொண்டு நிற்பார்களா? நின்றேன்.

வந்தது அவள் இல்லை. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு அத்தான் வந்தார். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி குடங்களை அணைத்துக்கொண்டு பொம்பளைகளுக்கு நடுவில் நின்றார். ஒரே சிரிப்பு.

“ஏண்ணே, வீட்ல அவுக வரலியா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவ குடம் தூக்கிப் பழகலம்மா. நான் தூக்குனா என்ன, தண்ணி வர மாட்டேங்குமா?” என்றார் அத்தான்.

பிறகு என்னைப் பார்த்தார். “நல்லாருக்கியா?” என்றார். தலையை ஆட்டினேன். மற்றவர்கள் சிரிப்பது பொறுக்காமல், குடங்களைப் பிடுங்கி நானே வரிசையில் வைத்தேன், நானே பிடித்துக் கொடுத்தேன். அவள் குடிக்க என் கையால் தண்ணீர்! காரில் அவள் போனபோதுகூட எனக்கு இப்படி எரிந்ததில்லை. என் வீட்டுக்காரர், தங்கமானவர்தான், குடத்தின் எடை என்னவென்று தெரியாமலே காலத்தை ஓட்டியவர். தண்ணீர் வந்த நாளெல்லாம் அத்தான் வந்தார். அந்தக் கடைசி சீன் மட்டும் வரவே இல்லை. ஒருநாள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்று சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தத் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மில் இருந்த இடம் பிளாட்டு. தெருக்குழாயை எப்போது பிடுங்கினார்கள் என்றே தெரியவில்லை. அத்தானும் திருப்பூரிலேயே கண்ணை மூடிவிட்டார்.

திருச்சுழியில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, பந்தியில் என் பக்கத்து இலையில் கனகவல்லி. நரைத்து, மெலிந்து, ஒரு நூல் சேலையில். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துவிட்டு, அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, அந்தப் படம் ஞாபகம் இருக்கா? அதுல அவன் பழையவகிட்டயே போயிருவான்ல? நான் படத்தயா பாத்தேன்? கீழ உக்காந்திருந்த ஒன்னையத்தான் பாத்து அழுதேன். ஒந்தெருவுக்குக் குடிவந்த பெறகு, அவுக தண்ணிக்குப் போயிட்டுத் திரும்புற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்.”

என்னைப் பார்த்து இவளா? “இதச் சொல்றதுக்கு இம்புட்டு வருசமா?” என்றேன்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?” என்றாள்.

விட்டிருக்க மாட்டேன்தான். இனிமேல் விட்டால் என்ன, பிடித்தால் என்ன, ஆள்தான் இல்லையே.