சென்செய் போட்ட இரண்டு கோடுகள்

எங்கள் குசினி அலுமாரியின் உட்கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் கட்டம் போட்ட தாள். பென்சிலால் இழுத்த கோடுகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒரு கோடு மேலே தொடங்கி விளிம்புவரை போய், அடுத்த வரிக்கு இறங்கி, அதற்கடுத்த வரிக்கும் இறங்கி, ஓரிடத்தில் ஐந்து கட்டங்கள் வெறுமையாகக் கிடந்து, மறுபடி தொடர்ந்து முடிகிறது. அதற்குக் கீழே இன்னொரு கோடு, என் சுண்டுவிரல் அளவுதான் வரும். மிளகாய்த்தூள் போத்தலை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். என் மகள் சின்னவளாக இருந்தபோது இது என்ன என்று கேட்டாள். அம்மாவின் சோதனைத் தாள் என்றேன். எத்தனை புள்ளி என்றாள். பெயில் என்றேன். "அப்ப ஏன் ஒட்டி வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விளையாடப் போய்விட்டாள்.

அந்தக் கோடுகளைப் போட்டவர் ஒரு ஜப்பானியப் பெண். தாய்மாரின் நலத்தைப் பற்றி ஆராய்கிற தாதி. ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களுக்கு ஜப்பானியர் மரியாதையாகச் சொல்லும் சொல் சென்செய். இங்குள்ள ஜப்பானியத் தாய்மார் அப்படி அழைப்பதைக் கேட்டு நானும் அழைத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஜப்பானில் முதற்பிள்ளை என்றால் பெண் தன் தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்று, ஒரு மாதமாவது அங்கே தங்குவது வழக்கமாம். பிறகு ஊரின் சுகாதாரத் தாதி ஒருவர் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பாராம். கணவனின் வேலைக்காக டுசில்டோர்ப் பக்கம் வந்திருக்கும் பெண்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவே சென்செய் வந்தார். தாய்வீடு தூரத்தில் இருக்கிற வேறொரு சமூகத்தோடும் ஒப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது, நான் வேலை செய்த மகப்பேற்றுப் பிரிவில் என்னைக் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்து, இங்கே தாதிப் படிப்பு முடித்து, டொச் என்கிற ஜேர்மன் மொழியை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களை டொச்சுக்கும் மொழிபெயர்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். எனக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இந்தச் சுற்றுவட்டத்தில் இல்லை என்று அவரிடம் பெருமையடித்தேன். அந்தப் பெருமைதான் பின்னால் காலை வாரிவிட்டது.

பதினொரு தமிழ் வீடுகளுக்குப் போனோம். மூன்று மணி என்று சொன்னால் சென்செய் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று அடிக்கும்போது மணியை அழுத்துவார். மூன்று மணி என்றால் மூன்றரைக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்று நம்பியிருந்த எங்கள் பெண்கள், தலையில் துவாயோடு வந்து கதவைத் திறப்பார்கள். அவர் அதற்கும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். சரக்குக்கறி கொடுத்தால் சாப்பிட்டு, அது பிள்ளை பெற்றவளுக்கு ஏன் என்று கேட்டு, சேரும் சரக்குகளின் பெயரை எல்லாம் எழுதிக்கொள்வார். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டார். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்பார். சாப்பிடும்போது பிள்ளையை யார் வைத்திருக்கிறார் என்று கேட்பார். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால் அதன் கொப்பியைக் காட்டச் சொல்லி, தாய் கையெழுத்து வைத்திருக்கிறாளா என்று பார்ப்பார். "எங்கள் நாட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாத் தாய்மாரும் நலம் என்றுதான் சொல்வார்கள்" என்றார். எங்கள் ஆட்கள் பரவாயில்லை என்பார்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் எங்கள் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால் சென்செய் அதை விட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு கட்டக் கொப்பியை மடியில் வைத்திருப்பார். தாய் தமிழில் பேசப் பேச அவருடைய பென்சில் ஒரே வேகத்தில் நகரும். பேச்சு நின்றால் பென்சில் தாளை விட்டு எழும்பும், ஆனால் கை நகர்ந்துகொண்டே இருக்கும். நான் டொச்சில் சொல்லும்போது கீழே இன்னொரு கோடு. பக்கத்தில் நான் சொன்னதைச் சின்ன எழுத்தில் குறிப்பார். விளங்காத மொழியைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனுசி பாவம் பொழுது போகாமல் கிறுக்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

பத்தாவது வீட்டில் நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டே எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதேங்கோ அக்கா" என்றாள். யாழ்ப்பாணத்தில் இருந்து கல்யாணம் முடித்து வந்து இரண்டு வருடம். பிள்ளைக்கு ஏழு கிழமை. மூன்றாம் மாடியில் சின்ன வீடு. கணவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு என் கணவரோடு சேர்ந்து காய் வெட்டுகிற, அதிர்ந்து பேசாத ஆள். அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சென்செய் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: பிள்ளை அழும்போது முதலில் என்ன செய்வீர்கள்? நான் தமிழில் கேட்டேன். அவள் பிள்ளையின் காலைத் தடவியபடி, எங்களைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள்.

"அழத் துவங்கினா நான் யன்னலடியிலை போய் நிக்கிறன் அக்கா. தூக்க வேணும் எண்டு தெரியுது, கை வருகுதில்லை. நித்திரை இல்லை. பிள்ளை படுத்தாலும் எனக்கு நித்திரை இல்லை. அம்மா வீடியோவிலை கேக்கிறா, சிரிச்சுக் காட்டுறன். இவர் வேலையாலை வரேக்குள்ளை எல்லாம் செய்து வைச்சிடுவன், அவருக்கு ஒண்டும் தெரியாது." அந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு, "நான் இல்லாட்டி இந்தப் பிள்ளை நல்லா இருக்கும் எண்டு யோசிக்கிறன். ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன்" என்றாள். இன்னும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டேன். சொல்லி முடித்ததும் சென்செய் பக்கம் திரும்பி, களைப்பாக இருக்கிறதாம், நித்திரை குறைவாம், தாயை நினைத்துக் கவலையாம் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நான் நெஞ்சில் ஈரமில்லாதவள் அல்ல. தாதி வேறு. அவள் சொன்னது என்ன நோயின் அடையாளம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எங்களுடைய முதல் வருடங்களை அகதி விசாரணை மேசைகளுக்கு முன்னால் இருந்து கழித்தவர்கள் நாங்கள். சொன்ன ஒவ்வொரு வசனமும் கோப்பில் ஏறும், ஏறினது இறங்காது, அதை வைத்துத்தான் இருக்கலாமா போகலாமா என்று முடிவு செய்வார்கள். அளந்து பேசப் பழகிவிட்டோம். அவள் வாயில் இருந்து அந்த வசனம் விழுந்ததும் என் கண்ணுக்குத் தெரிந்தது நோய் அல்ல, பிள்ளைகள் நல அலுவலகத்தில் இருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் இரண்டு பேர். கணவனிடம் பிறகு பக்குவமாகச் சொல்வோம், கோயிலடியில் ஒரு வார்த்தை போடுவோம், டொச்சில் மட்டும் வேண்டாம் என்று மனம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன்.

சென்செய் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி எழுந்தார். கீழே பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்ததும் கொப்பியை விரித்து என் மடியில் வைத்தார். "அவர் இவ்வளவு பேசினார். நீங்கள் இவ்வளவு பேசினீர்கள். மிச்சம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் மொழி கொஞ்சம் நீட்டி முழக்குகிற மொழி என்றேன். அவர் முன்பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஒன்பது வீடுகள். எல்லாவற்றிலும் மேல்கோடும் கீழ்க்கோடும் ஏறக்குறைய ஒரே நீளம். "நீங்கள் மிக நல்ல மொழிபெயர்ப்பாளர்" என்றார். அந்த நேரத்தில் அதைவிடக் கடுமையான ஒரு சொல்லை அவர் சொல்லியிருக்க முடியாது.

பஸ் ஒன்று வந்து போனது. அவர் தன் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய்வருவது அவருடைய பணி. ஒரு தாயிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு நலம் என்றாள். இவர் நலம் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். "பேசாமல் இருந்த நேரத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அடுத்த பஸ்ஸும் போனபிறகு, அந்தப் பெண் சொன்னது முழுவதையும் ஒன்றும் விடாமல் அவருக்குச் சொன்னேன். என் பயத்தையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்து, பென்சிலையும் வைத்து, "இனி இது ஆராய்ச்சி இல்லை. மேலே போவோம்" என்று எழுந்தார்.

அவள் கதவைத் திறந்ததும், நின்ற நிலையிலேயே சொன்னேன். "நீர் சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை. இப்பதான் கீழை வைச்சுச் சொன்னனான். உம்மட்டைக் கேளாமல் சொன்னதுக்குக் குறை நினையாதையும்."

"நீங்கள் முழுக்கச் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். "டொச் வகுப்புக்குப் போனனான்தானே. களைப்பு எண்டு சொன்னனீங்கள். அந்தளவு விளங்கும்."

"அப்ப ஏன் பிள்ளை, பேசாமல் இருந்தனீர்?"

"நேர்ஸ் நீங்களே வெளியிலை சொல்ல ஏலாதெண்டு நினைச்சா, அது சொல்லப்படாத விசயம்தான் எண்டு நினைச்சன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவள் அடிக்கவென்று சொல்லவுமில்லை. நாங்கள் கீழே இருந்த அந்த நேரம் முழுவதும் அவள் அதே எண்ணத்தோடு அந்த யன்னலுக்குப் பக்கத்தில் தனியாக இருந்திருக்கிறாள். சென்செய்க்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் என் முகம் விளங்கியிருக்க வேண்டும். பிள்ளையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய மருத்துவிச்சிக்கும் வைத்தியருக்கும் தொலைபேசி எடுத்தேன். இந்தமுறை ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன். தேதி தருகிறோம் என்று இழுத்தடிக்காமல் உடனே வரச்சொன்னார்கள்.

தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கும் ஒரு பிரிவில் சில கிழமை இருந்தாள். கணவன் வேலை முடிந்த உடுப்போடு ஆசுப்பத்திரிக்கு ஓடிவந்து, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா" என்று நின்றதை மறக்க ஏலாது. நான் பயந்த அந்த அலுவலகத்தில் இருந்தும் ஆள் வரத்தான் செய்தது. வந்தவர் பிள்ளையைத் தூக்கவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்து உதவ ஒரு பெண்ணை ஒழுங்கு செய்து தந்துவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் எல்லாம் இப்படி நல்லபடி முடியும் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வீட்டில் முடிந்தது.

சென்செய் நினைத்திருந்தால் என் பிரிவுத் தலைமைத் தாதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தகுதியானவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மேல், தெரிந்த குடும்பத்தில் உங்களை மொழிபெயர்க்க வைத்தது என் திட்டத்தின் பிழை என்று சொல்லி, இடுப்பு வளைய எனக்குத் தலை வணங்கினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பதினோராவது வீட்டுக்கும் என்னையே கூட்டிக்கொண்டு போனார். அதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்று இப்போது நினைக்கிறேன். ஊருக்குத் திரும்ப முதல், அந்தப் பத்தாவது வீட்டைத் தன் ஆராய்ச்சியில் இருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லி, தாளைக் கிழித்து என்னிடம் தந்தார். "இது என் ஆராய்ச்சியில் இல்லை, அதனால் உங்களுடையது." அதன்பிறகு எத்தனையோ பேருக்காக எத்தனையோ மேசைகளில் இருந்து மொழிபெயர்த்துவிட்டேன். ஒவ்வொருமுறையும் வாய் திறக்க முதல் அந்தச் சின்னக் கோடு நினைவுக்கு வரும்.

போன மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பள்ளிக்குப் போகிறான். அவள் வயோதிபரைப் பராமரிக்கும் படிப்பை முடித்துவிட்டாள், டொச்சில் என்னைவிட நன்றாகச் சண்டை பிடிப்பாள். தேத்தண்ணிக்குச் சீனி எடுக்க அலுமாரியைத் திறந்தவள் கடதாசியைக் கண்டு இது என்ன என்றாள். இத்தனை வருடம் அவளுக்கு அதை நான் காட்டவில்லை. சொன்னேன். அவள் மேல்கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்து, வரி வரியாக இறங்கி, அந்த ஐந்து வெற்றுக் கட்டங்களில் வந்து நிறுத்தினாள்.

"இதிலை உங்கடை முகத்தைப் பாத்தனான் அக்கா. சொல்லட்டோ விடட்டோ எண்டு. நீங்கள் தலையை ஆட்டினனீங்கள். அதாலைதான் மிச்சத்தைச் சொன்னனான்."

நான் தலையாட்டியது எனக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. சீனிப் போத்தலை வாங்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன், இல்லாவிட்டால் அவளுக்கு முன்னால் அழுதிருப்பேன். அவள் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கிடந்த சின்னக் கோட்டைக் காட்டி, "ஒரு பென்சில் தாங்கோ, இதை நீட்டி விடுறன்" என்றாள் சிரித்தபடி.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "அது நான் சொன்ன அளவு. அப்பிடியே இருக்கட்டும்."