தேவமணி அக்காவின் நற்சாட்சி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் வெகுகாலம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர் தேவமணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு அங்கே தின்ற உப்புமா மறந்திருக்கலாம், அவர் வைத வசவு மறந்திருக்காது.

அந்த வசவுகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. படுக்கையைச் சுருட்டாமல் ஓடுகிறவள் சீத்துவங்கெட்டவள். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு நனைந்து வருகிறவள் கூறுகெட்டவள். இரண்டையும் செய்துவிட்டு, கேட்டால் சிரிக்கவும் செய்கிறவள் மூதி. இவையெல்லாம் மூன்றாவது மாடி வரை கேட்கும்படி உரக்கச் சொல்லப்படுபவை. ஆனால் சமையல்காரம்மாவை ஒருமையில் கூப்பிட்டவளுக்கும், சோற்றுத் தட்டைக் காலால் தள்ளியவளுக்கும் இந்த வார்த்தைகள் கிடைப்பதில்லை. அவர்களிடம் தேவமணி குரலைத் தாழ்த்தி, "வாங்க, போங்க" என்பார். பிள்ளைகள் பயந்தது அதற்குத்தான்.

இப்போது அவருடைய வசவுகளுக்கு இருக்கிற ஒரே ஆள், மாடி அறையில் நாலு வருடமாக வாடகைக்கு இருக்கும் ஜாபேஸ். தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். முப்பத்தாறு வயது. தாய் தகப்பன் இல்லை. அக்கா ஒருத்தி மும்பையில் இருக்கிறாள். அதனால் அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தால், பெண் வீட்டார் விசாரிக்க வருவது தேவமணியிடம்தான்.

போன தடவை வந்தவர் பெண்ணின் அண்ணன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். "பையன் எப்படிங்க?" என்று கேட்டார். "சீத்துவங்கெட்ட பய" என்று ஆரம்பித்தார் தேவமணி. அடுத்த வார்த்தை வருவதற்குள் வந்தவர் எழுந்து செருப்பை மாட்டிவிட்டார்.

ஜாபேஸ் கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னான்: "அக்கா, எனக்கும் வயசாவுதுல்லா. அடுத்து யாரும் வந்தா நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க. அதுவும் போச்சுன்னா இனி எவன் பொண்ணு குடுப்பான்?"

"சொல்லுதேம்லே" என்றார் தேவமணி. சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து அடுத்த பெண்ணின் அம்மா கெசியா வந்தார். மகள் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். "தோத்திரம்க்கா" என்று சொல்லி, கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தேவமணி டீ போட்டுக் கொடுத்தார்.

"சுத்தி வளைக்காம கேக்கேன். ஜாபேஸ் எப்படி?"

"ரொம்ப நல்ல பையன்" என்றார் தேவமணி.

"சரி."

"மரியாதையான பையன். ஒழுங்கா இருப்பாரு. ஞாயித்துக்கிழம தவறாம கோயிலுக்குப் போயிருவாரு."

"பழக்கவழக்கம்?"

"ஒரு குறையும் இல்ல. அமைதியானவரு."

கெசியா டம்ளரைக் கீழே வைத்தார். "நாலு வருசமா ஒரே வீட்டுல இருக்காரு. ஒரு குறை கூடவா இல்ல?"

"இல்லைங்க."

"எக்கா, நானும் இந்த ஜில்லாக்காரிதான். எங்க தெருவுல ஒருத்தர இப்படி மெழுகுன மாதிரி பேசுனா, என்னத்தையோ மூடுதாங்கன்னு அர்த்தம். குடிக்காரா?"

"ஐயோ, இல்ல."

"எங்கயும் தொடுப்பு இருக்கா?"

"அப்படில்லாம் எதுவும் கிடையாதுங்க. தங்கமான பிள்ளை."

தங்கம் என்றதும் கெசியாவின் முகம் இறுகிவிட்டது. மழை விட்டதும் கிளம்புவதாகச் சொன்னார். தேவமணி, நல்ல வார்த்தை வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். இதுவும் தன்னால்தான் போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் போன பிறகுதான் வரவேண்டும் என்று தேவமணி ஜாபேஸிடம் சொல்லியிருந்தார். அவனால் இருப்புக்கொள்ள முடியவில்லை. பைக்கை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, சேற்றுச் செருப்போடு துடைத்த தரையில் நடந்து வந்து, "தோத்திரம்மா" என்று சொல்லி, சொட்டச் சொட்டக் கழற்றிய மழைக்கோட்டை நாற்காலியில் போட்டான். அது கெசியாவின் கைப்பைக்கு மேல் விழுந்தது.

"ஏலே சீத்துவங்கெட்ட மூதி!" என்று தேவமணி எழுந்தார். "அது என்ன கொடிக்கயிறாலே? கண்ணு எங்கன இருக்கு? தலைய நீ சீவுனியா, காத்து சீவுச்சா? பாருங்கம்மா, இவனுக்குக் கூறுன்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க! தின்ன தட்டக் குளிக்கிற எடத்துல வைப்பான். மூக்குக்கண்ணாடிய அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டு ஊரெல்லாம் தேடுவான். ஆஸ்பத்திரியில அடுத்தவன் எலும்பெல்லாம் தெரியுது, முன்னால கெடக்க பை தெரியலியோ?"

"தெரியலக்கா. இந்தா எடுத்துட்டேன்." ஜாபேஸ் பையைத் தன் சட்டையால் துடைத்தான். கோட்டை ஆணியில் மாட்டினான். ஆணியில் தொங்கிய காலண்டர் கீழே விழுந்தது. "எதுக்குக்கா கத்துதிய, பிரஷரு ஏறிரப் போவுது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தான்.

"பிரஷரு ஏத்துததே நீதானலே!"

கெசியா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ஜாபேஸ் தரை துடைக்கத் துணி எடுக்கப் பின்பக்கம் போனதும் கேட்டார்:

"தெனமும் இப்படித்தான் வைவியளா?"

"பின்ன? வையாம இவனோட இருக்க முடியுமா?"

"திருப்பி ஒரு சொல்லு?"

"அவனா? மறு சொல்லு வந்ததில்ல. எனக்கு முட்டுவலின்னா ஆஸ்பத்திரியிலேருந்து ஓடி வருவான். மாத்திரைய மட்டும் மறந்துட்டு வருவான்."

கெசியா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் வீட்டைப் பற்றிச் சொல்வது போலல்லாமல், யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு சட்டையில ஒரு கசங்கல் பாக்க முடியாது. செருப்ப ஜோடி மாறாம வைப்பாரு. கொழம்புல உப்புக் கூடிட்டுன்னா தட்டு செவத்துல போயி விழும். செவத்த நான் தொடைக்கணும்."

தேவமணி டீச்சட்டியை மறுபடி அடுப்பில் வைத்தார். கெசியா அதையும் குடித்துவிட்டு, மழை முழுதாக விடுவதற்கு முன்பே கிளம்பினார்.

தெருமுனை வரை கொண்டுவிட்டு வந்த ஜாபேஸ் வாசலிலேயே நின்றான். "என்னக்கா சொன்னாவ?"

"வாற ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு பொண்ணு பாக்க வரச் சொல்லிருக்காவ. என்னையும் கூப்பிட்டிருக்கு."

"நல்லவன்னு சொன்னியளாக்கா?"

"சொன்னேன். அத அவங்க நம்பல" என்றார் தேவமணி. "உள்ள வராத. செருப்பக் கழட்டு மொதல்ல."