பழியெல்லாம் என் வயிற்றுக்கு

இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் நடுரோட்டில், ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு நானும் சேர்த்தி என்பதையும் மறைக்கப் போவதில்லை.

நான் காரைக்கால்மேட்டுக்காரி. வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. முழங்கால் வலிக்கு சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். பள்ளிக்கூடம் வரை மிதித்தேன். அப்புறம் திருநள்ளாறு வரை. அப்புறம் நாகூர் வரை. வலி போன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. மீன் ஏலம் போடுகிற இடத்தைத் தாண்டி நான் ஹெல்மெட்டோடு போனால், "டீச்சர் சந்திரனுக்குக் கிளம்பிட்டாங்க டோய்" என்று ஒரு குரல் வரும். போங்கடா என்று மணியை அடித்துவிட்டுப் போவேன்.

புதுச்சேரியில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிற குழு ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தேன். இருநூறு கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் முடித்தவர்களை மட்டும் கன்னியாகுமரி வரைக்கும் போகிற அறுநூறு கிலோமீட்டர் பயணத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அறுநூறு வேண்டும். என் வீட்டுக்காரர் படகில் தெற்கே எத்தனையோ துறைக்குப் போய்விட்டு வந்து கதை அளந்திருக்கிறார். அந்தக் கரையெல்லாம் நான் என் காலால் மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. ஆசை என்று சொன்னால் பத்தாது, வெறிதான்.

குழுவின் தலைவர் ஓர் இன்ஜினியர். நல்லவர்தான், ஆனால் ஒரே பாட்டு: வழியில் எதையும் மெல்லாதீர்கள், குடியுங்கள். சோறு தின்றால் ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும், கால் செத்துவிடும் என்பார். எல்லோர் பாட்டிலிலும் ஒரே ஆரஞ்சு நிறப் பவுடர். நானும் வாங்கினேன். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். மாவுச்சத்து, சர்க்கரை, உப்புகள். இதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று வீட்டிலேயே கரைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் தடவை இருநூறு ஓட்டியபோது சிதம்பரம் தாண்டுவதற்குள் குமட்டி வாந்தி எடுத்துவிட்டேன். வெயில்தான் காரணம் என்றார்கள். பவுடர் போதவில்லை, இன்னும் ஒரு கரண்டி சேருங்கள் என்றார் தலைவர். அடுத்த தடவை சேர்த்தேன். சீர்காழியில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என் பையில் கருவாட்டுத் தூள் பிசைந்த சோற்று உருண்டைகள் இருந்தன. அப்போது வரை அதில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. ஆனால் வேனுக்குள் வாசனை கிளம்பியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தினம் பழைய சோறு, கருவாடு. வயிறு அதுக்குப் பழகிப்போச்சு. ஒரு மாசம் அதெல்லாம் விட்டுட்டு இந்தப் பவுடரையே குடிச்சுப் பழகுங்க. இல்லன்னா அறுநூறை மறந்துடுங்க" என்றார் தலைவர்.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வது? வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்று துப்பட்டாவால் பொத்திக்கொண்டேன். ஆனால் என்னை உறுத்தியது அவர் பேச்சு அல்ல. அதை நான் நம்பிவிட்டதுதான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் வயிற்றைத் திட்டினேன். இரண்டு பிள்ளை பெற்ற வயிறு, வயசான வயிறு, கடற்கரை வயிறு, உனக்கெல்லாம் எதற்கடி கன்னியாகுமரி என்று. ஒரு வாரம் கருவாட்டைத் தொடவில்லை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏ டீச்சரம்மா, கடல்ல விடிய விடிய வலை இழுக்குறோம். நாங்க என்ன ஆரஞ்சு மாவா கரைச்சுக் குடிக்கிறோம்?"

"நீங்க ஒரே இடத்துல நின்னு இழுக்குறீங்க. நான் வண்டி ஓட்டுறேன்."

"ஆமா, படகு ஆடாம நிக்குது பாரு! போவியா."

அந்தப் பேச்சில்தான் எனக்குக் கோபம் திரும்பியது. நல்ல கோபம். டப்பாவை அலமாரி மேல் தூக்கிப் போட்டேன். மாவுச்சத்துதானே வேண்டும்? சோறு வடித்த கஞ்சியில் இல்லாத மாவுச்சத்தா? அதில் பனைவெல்லம் கரைத்தேன். உப்புப் போடவில்லை. எங்கள் வீட்டில் உலைக்கும் கஞ்சிக்கும் உப்புப் போடுகிற வழக்கமே கிடையாது. எங்கள் அடிபம்புத் தண்ணீரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தெருவில் கேன் தண்ணீர் வந்த பிறகும் நாங்கள் குடிப்பது பம்புத் தண்ணீர்தான், படகுக்கு நிரப்புவதும் அதுதான். கேன் தண்ணீர் சப்பென்று இருக்கும், தாகம் அடங்காது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் சோறு வாயில் ஒட்டாது எங்களுக்கு. இத்தனையும் தெரிந்தவள் நான். பிள்ளைகளுக்குக் கரைசலும் செறிவும் நடத்துகிறவள். அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை, பாருங்கள்.

மூன்றாவது தடவை ஓட்டம் எங்கள் ஊரிலேயே தொடக்கம். காரைக்காலில் கிளம்பி, கோடியக்கரை போய்த் திரும்பி, காரைக்காலைத் தாண்டி வடக்கே தரங்கம்பாடியைத் தொட்டு, மறுபடி காரைக்கால் கடற்கரைச் சாலை. இதிலும் முடிக்காவிட்டால் இந்த வருஷம் கன்னியாகுமரி கிடையாது. தை மாதம், வாடைக்காற்று முதுகைத் தள்ளியது. ஒரு பாட்டிலில் கஞ்சி, ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீர், முதுகுப் பையில் கருவாட்டுச் சோற்று உருண்டை. ஆமாம், கருவாடுதான். யாருக்கு நாறினால் எனக்கென்ன?

வயிறு கல் போல அசையாமல் கிடந்தது. குமட்டலின் சாயல்கூட இல்லை. வேளாங்கண்ணி தாண்டி, வேதாரண்யம் உப்பளங்கள் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன். அங்கே தலைவர் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். பள்ளத்தில் வண்டி குதித்ததில் அவர் பாட்டில் எகிறி விழுந்து பின்னால் வந்த லாரியில் நசுங்கிவிட்டதாம். வேன் பின்னால் எங்கோ இருந்தது.

"மேடம், கொஞ்சம் தண்ணி இருக்குமா?"

கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். அப்படியே துப்பினார்.

"என்னங்க இது! இந்த உப்பளத்துல மொண்டீங்களா?"

"எங்க வீட்டுத் தண்ணி சார். நல்ல தண்ணி."

"இதையா குடிக்கிறீங்க?" வாயைத் துடைத்தவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "மேடம்… பவுடரையும் இதுலதான் கலந்தீங்களா?"

நான் சாலையோரத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள். உப்புத் தண்ணீரில் உப்புப் பவுடர். குமட்டுகிறது என்று மேலும் ஒரு கரண்டி. பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் விடை. என் நாக்குக்கு அந்த உப்பு உப்பாகவே தெரியாது. பிறந்ததிலிருந்து அதுதானே குடிக்கிறேன்.

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடக் கடவுளே! உங்க ஊர்த் தண்ணியே பாதி பவுடர் மேடம்!"

அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நடுச் சாலையில், நாற்பது தாண்டியவள் குலுங்கிக் குலுங்கி அழுதேன். தண்ணீர் செய்த வேலைக்கு நான் என் வயிற்றைத் திட்டியிருக்கிறேன். என் வயதை, என் கருவாட்டை, என் தெருவையே திட்டியிருக்கிறேன். அந்தக் கண்ணாடி முன்னால் நின்றவளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் பயந்துபோனார். "வேன் வந்துடும் மேடம். ஏறிக்கோங்க. மனசு சரியில்லாம ஓட்டக் கூடாது. அடுத்த தடவை கேன் தண்ணில பவுடர் கலந்து…"

"என் மனசு நல்லாத்தான் இருக்கு சார்" என்று மூக்கைச் சிந்திவிட்டு ஏறி மிதித்தேன்.

கோடியக்கரையில் நேரம் குறிக்கிற அட்டையில் முத்திரை வாங்கித் திரும்பியதும் வாடை நேருக்கு நேர் மோதியது. காலையில் தள்ளிவிட்ட அதே காற்று இப்போது நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது. அழுது தொலைத்த நேரம் வேறு. வேன் என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு புளியமர நிழலில் நின்று இரண்டு உருண்டை தின்றேன். நன்றாக மென்று, கஞ்சி குடித்து, ஒரு ஏப்பமும் விட்டேன். ரத்தம் வயிற்றுக்குப் போகட்டும், அதுவும் என் ரத்தம்தானே!

காரைக்காலைத் தாண்டும்போது வீட்டுக்காரர் அரசலாற்றுப் பாலத்தில் நின்றார். தொடை இரண்டும் பிடித்து இழுத்தது. வீடு கூப்பிடு தூரம். அவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"இறங்கிடாத புள்ள! காத்து குறையுது, போ, போ!" என்று கத்தினார்.

காற்றைப் பற்றி அவர் சொன்னால் நான் நம்புவேன். தரங்கம்பாடிக்குப் போகிற வழியில் அது குறையவும் செய்தது. திரும்பும்போது முதுகில் இருந்தது. கடற்கரைச் சாலையில் நான் வந்து நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது, ஆனால் நேரம் முடியவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முன்னாலேயே வந்துவிட்ட தலைவர் எல்லோரையும் கூட்டி வைத்து என் தண்ணீர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு. என்னைக் கண்டதும் கை தட்டினார்கள். "பார்த்தீங்களா மேடம், பவுடர்ல தப்பே இல்ல" என்றார் அவர்.

"இல்லதான் சார். பவுடர்ல தப்பு இல்ல. என் வயித்துலயும் தப்பு இல்ல, கருவாட்டுலயும் தப்பு இல்ல. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். ரெண்டு தடவையும் என்ன சாப்பிடுறீங்க, என்ன சாப்பிடுறீங்கன்னுதான் கேட்டீங்க. எந்தத் தண்ணில கலந்தேன்னு ஒருத்தர் கேக்கல. நானும் என்னைக் கேட்டுக்கல."

சிரிப்பு நின்றது. தலைவர் என் அட்டையை வாங்கி, நேரத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

"அடுத்தது அறுநூறு" என்றேன். "பேரை எழுதுங்க சார். பாட்டில்ல கஞ்சிதான் வரும், பையில கருவாடுதான் வரும்."

அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.