நூல் கட்டிய அலரி முளை

எங்கள் வீட்டு வளவில் செவ்வரத்தைப் பூச்செடி நட்டால் பக்கத்து வீட்டு மாமியின் ஆடுகள் தின்றுவிடும். பிறகு பிள்ளையாருக்குப் பூக் கேட்டு அம்மா அதே மாமியிடம்தான் போகவேண்டும். "எங்கட வளவு என்ன பூக்கடையோ?" என்று சிரித்தபடி மாமி ஆய்ந்து கொடுப்பா. அம்மாவும் சிரிப்பா. வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கமாட்டா.

எங்களுடையது ஸ்கந்தபுரத்தில் காட்டோரக் காணி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, விவசாயமும் படித்தவள் நான். விடுமுறையில் வந்து நின்றபோது அறிவித்தேன்:

"வேலியோரம் செவ்வலரி நடுவம். இலை, தண்டு, வேர் எல்லாம் நஞ்சு. ஆடு மணந்துபோட்டுப் போயிடும். வருஷம் முழுக்கப் பச்சையாய் நிக்கும். அடுத்த திருவிழாவுக்கு அம்மா எங்கட பூவைத்தான் ஆய்வா."

"படிச்ச பிள்ளை நஞ்சால வேலி போடுது," என்றா வேலிக்கு அப்பால் நின்ற மாமி.

வரிசை நேராக இருக்கவேண்டுமென்று இரண்டு அலரித் தடிகளையே முளையாக அடித்து நூல் கட்டினேன். வெயில் சுடாமலிருக்க, வேலியோரம் நின்ற வீரை மர நிழலுக்குள்தான் தடிகள் அத்தனையையும் நட்டேன். கடைசி முளை மட்டும் நிழலுக்கு வெளியே, வாசல் படலையடிக் கிரவல் கல்லுக்குள் நின்றது. அதைப் பிடுங்க மறந்துபோனேன். அப்பாவோ வயலுக்குக் கட்டுவதுபோல வரிசைக்குத் தண்ணீர் கட்டினார்.

ஆடுகள் தொடவில்லை. அந்த அளவில் என் படிப்புத் தப்பியது. ஆனால் பாதித் தடிகள் அழுகின. மீதி வெளிச்சம் தேடி ஒல்லியாக நெடுத்தன. ஒரு மொட்டுக்கூட இல்லை. அலரிக்கு வேண்டியது நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத நிலமும். பரீட்சையில் சரியாக எழுதியிருந்தேன்.

திருவிழா தொடங்கிய காலையில் அம்மா பூத்தட்டை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் புறப்பட்டா. நான் குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"பிள்ளை, இஞ்ச ஓடி வா!" படலையடியில் நின்று அம்மா கூப்பிட்டா.

படலையடி முளை இடுப்பளவு உயர்ந்து, உச்சியெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது. அடியில் என் நூல் இன்னும் கட்டியபடியே.

சத்தம் கேட்டு மாமி வந்தா. "இதுவும் படிச்சு வைச்சதோ?"

"ஓம் மாமி. கல்லால அடிச்சு வைச்சது."

அம்மா தட்டு நிறைய ஆய்ந்தா. ஒரு கைப்பிடியை மாமியிடம் நீட்டினா.

"இந்தாங்கோ. எங்கட கடையும் திறந்தாச்சு."

அலரிப் பால் பட்ட கையைக் கழுவிக்கொண்டு அம்மா நேரே கோயிலுக்குப் போனா. நான் கிளை தறிக்கக் கத்தியோடு வீரை மரத்தில் ஏறினேன்.