ஹாட்யாய் எண்ணெய்ப் போத்தல்கள்

ஆளை ஏற்றிக்கொண்டு போவது சுலபம். அவர்கள் பையை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

நான் மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் புந்தோங்கிலிருந்து எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு வேன் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரை ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே பன்னிரண்டு பேரை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். முன்பெல்லாம் மிட்டாய், முந்திரி, சட்டை என்று வாங்கி வருவார்கள். தாய்லாந்தில் கஞ்சாச் செடிக்குச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு எண்ணெய், பிஸ்கட், களிம்பு, சவுக்காரம் எல்லாவற்றின்மேலும் விரித்த விரல் மாதிரி அந்த இலைப் படம் வந்துவிட்டது. அங்கே கடையில் அடுக்கி வைத்திருக்கிற பொருள், அனுமதி இல்லாமல் நம் எல்லைக்குள் வந்தால் போதைப்பொருள் கேஸ். ஒரு பையில் ஒரு போத்தல் இருந்தாலும் பன்னிரண்டு பேரையும் இறக்கி உட்கார வைப்பார்கள். ஓட்டினவனும் பதில் சொல்ல வேண்டும். வேன் ஓட்டுகிறவர்களுக்கும் வேனில் போய்வருகிறவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நாற்காலி

மணியம் அண்ணன் நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஹாட்யாயில் டீயோடு தின்ன ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினார். இலைப் படத்தைப் பார்த்து, முருங்கைக்கீரை மாதிரி ஏதோ உடம்புக்கு நல்லது போட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். இரண்டு தின்றார். ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் இரண்டு தின்றார். தின்கிற பண்டத்தில் இருந்தால் அது மெதுவாகத்தான் ஏறும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து ஹோட்டல் வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் வறண்டுபோனது, நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளிறிப்போய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தெளியும்வரை தண்ணீர் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவ்வளவு பயத்திலும் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒன்னும் இல்லப்பா. இந்த நாற்காலிதான் ஓடப் பாக்குது, அத மட்டும் புடிச்சுக்க."

இரண்டு மரவள்ளி

நான் எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன். அதனால் தெரியாததைக் கேட்க எனக்கு வெட்கமில்லை. ஈப்போவில் நான் பிரஷர் மாத்திரை வாங்குகிற ஃபார்மசியில் ஒரு சீனப் பெண் இருக்கிறது. பாதி மலாய், பாதி தமிழ் பேசும். அதனிடம் கேட்டேன். அந்தச் செடிக்குள் பல சரக்கு இருக்கிறதாம். டி.எச்.சி. என்பதுதான் போதை. சி.பி.டி. என்பது போதை தராது; ஆனால் தூக்கம் வரும், நாம் தின்கிற மற்ற மாத்திரைகளோடு முட்டிக்கொள்ளும். டி.எச்.சி. ரொம்பக் குறைவாக இருக்கிற வகைச் செடிக்கு ஹெம்ப் என்று பேர். சில நோய்க்கு மருந்தாக ஆராய்ந்திருக்கிறார்கள்; கடைக்காரன் சொல்கிற அத்தனை நோய்க்கும் இல்லை.

எனக்குச் சட்டென்று மரவள்ளி ஞாபகம் வந்தது. எஸ்டேட்டில் இரண்டு வகை நடுவோம். ஒன்று அவித்துத் தின்பது. இன்னொன்று கசப்பு, மாவு ஆலைக்குப் போவது. தெரியாமல் தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இதைச் சொன்னதும் அந்தப் பெண் தலையாட்டியது. பிறகு மாத்திரைப் பையை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னது: "அங்கிள், செடியில வித்தியாசம் இருக்கு. நம்ம போர்டர்ல வித்தியாசம் இல்ல லா."

சரோஜா அக்காவின் முட்டி

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். எல்லைக்கு முன்னால் தாய்லாந்துப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திப் பாய் விரிப்பேன். எல்லாரும் பையைத் திறந்து அதில் வைக்க வேண்டும். இலைப் படம் போட்டது எதுவானாலும் அங்கேயே குப்பைக்குப் போகும். திட்டுவார்கள். ஒருவர் என்னைக் கஸ்டம்ஸ் மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தோசைக்கடை சரோஜா அக்கா ஒரு களிம்பை விடமாட்டேன் என்றது. மூன்று நாள் தடவி, மார்க்கெட் படியெல்லாம் ஏறி இறங்கியதாம். டப்பாவைப் படம் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்டேன். ஃபார்மசிப் பெண் படத்தைப் படித்துவிட்டு, இது ஹெம்ப் விதையை ஆட்டிய எண்ணெய்தான், நல்லெண்ணெய் மாதிரி, இதில் சி.பி.டி. இருந்தால் அதிசயம் என்றது. அதைக் கடையில் போய்ச் சொன்னேன். அக்கா தோசைக் கரண்டியோடு என் பக்கம் திரும்பியது: "அப்ப மூணு நாளா படி ஏறினது என் முட்டியா, என் நெனப்பா?"

லேபல்

குணா கமுந்திங்கில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தூக்கம் வராமல் தவிக்கிறவன். ஹாட்யாயில் இரண்டு நாள் நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொண்டான். போத்தலில் டி.எச்.சி. பூஜ்யம் என்று அச்சடித்திருந்தது. பாயில் போத்தலைக் கேட்டதும் முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டான். போத்தலை எடுத்தேன், உடம்புக்குள் போனதை நான் எங்கே எடுப்பது? அந்த வாரமே ஃபேக்டரியில் சிறுநீர்ப் பரிசோதனை. டி.எச்.சி. இருக்கிறதென்று மாட்டிக்கொண்டான். விசாரணை முடியும்வரை ஃபோர்க்லிஃப்டில் ஏறக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீடு. பார்க்கப் போனேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணே, அந்த லேபல் எழுதினவனையும் ஒரு தடவ மூத்திரம் புடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

மாதா கோயில் எண்ணெய்

ரோசலின் ஆயர் தாவாரில் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிற பெண். ஒரே மகள் அனிதா, இருபது வயது. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மருந்து மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ரோசலின் என் வண்டியில் வந்தபோது, வேடிக்கை பார்க்க வருகிற முகமில்லை என்று தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பாயில் அதன் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் வந்தது. மாதா படம் ஒட்டிய எண்ணெய், திருநாளில் ஃபாதர் மந்திரித்துக் கொடுப்பது. நான் முருகன் கும்பிடுகிறவன். அடுத்தவர் சாமிப் பொருளைத் தொடமாட்டேன். உள்ளே வை அம்மா என்றேன். எல்லை வரிசையில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அதன் குரல் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

"வரிசையில நிக்கிறோம்லா. என்னம்மா?"

"நிப்பாட்டுங்கண்ணே."

ஓரங்கட்டினேன். இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்றோம். "அது மாதா எண்ணெய் இல்ல. காலையில ரூம்ல அதக் கொட்டிட்டு, கடையில வாங்கினத ஊத்திக்கிட்டேன்."

வண்டிக்குள்ளே கைகாட்டிக் கேட்டேன். "முன் சீட்டுல கைக்குழந்தை இருக்கு. புடிச்சா உன்னோட போயிருமா?"

"போகாது. அதான் எறங்கினேன்."

"புள்ளைக்கு எத்தன சொட்டு குடுப்ப?"

கடைக்காரன் காட்டிய மாதிரி விரலில் அளவு காட்டியது. கடையில் கொடுத்த போத்தல் எங்கே என்றேன். குப்பையில் என்றது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. நான் கையை நீட்டவில்லை. ரோசலினே மூடியைத் திறந்து ஓரத்துப் புல்லில் ஊற்றியது. ஜன்னலிலிருந்து யாரோ, "என்னக்கா, புல்லுக்கு ஞானஸ்நானமா?" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. காலிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு ரோசலின் என்னைக் கேட்டது: "அண்ணே, இது எப்படியும் வேலை செஞ்சிருக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போயிருவேன்."

அனிதா கேட்டது

அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாததை எப்படிச் சொல்லுவது? ஆனால் தெரிந்தவரிடம் கூட்டிப்போகலாம். அடுத்த வாரம் தாயையும் மகளையும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நானே ஏற்றிப்போனேன். டாக்டர் வயதில் சின்னவர், நம்ம தமிழ்ப் பிள்ளை. ரோசலின் ஒன்றையும் மறைக்காமல் சொன்னது. டாக்டர் திட்டவில்லை. அந்தச் சி.பி.டி.யைச் சுத்தம் செய்து, அளந்து செய்கிற மருந்து சில வகை வலிப்புக்கு வெளிநாடுகளில் உண்டு என்றார். அனிதாவின் வலிப்பு அந்த வகைதானா என்று கோலாலம்பூரில் பெரிய டாக்டர்கள் பார்க்க வேண்டும், எழுதித் தருகிறேன் என்றார். கடைப் போத்தலை ரகசியமாகக் கொடுத்திருந்தால், இப்போது தின்கிற மாத்திரையின் வீரியம் உடம்பில் கூடி, பிள்ளை எழுப்ப முடியாத அளவுக்கு மயங்கிக் கிடந்திருக்கலாம், ஈரலும் கெட்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

கோலாலம்பூரிலிருந்து இன்னும் தேதி வரவில்லை. வலிப்பும் நிற்கவில்லை. ஆனால் எல்லையில் நடந்தது அனிதாவுக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. வெளியே நடைபாதையில் வந்ததும் தாயின் கையைப் பிடித்து நிறுத்தியது. அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை: "அம்மா, நீங்க ஜெயில்ல இருந்தா, நான் விழும்போது என் தலைய யாரு புடிப்பா?"

இப்போதெல்லாம் சாமி எண்ணெயையும் திறந்து மோந்து பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுகிறேன்; இதுவரை கோபித்துக்கொண்டது பயணிகள்தான், எந்தச் சாமியும் இல்லை.