பொலிசுக்குப் பூட்டிய பெல்ற்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இருக்கைகள் கிழிந்துபோனதால் ஒரு ஜப்பான் காரின் இருக்கைகளை வாங்கி மாற்றியிருந்தேன். அவற்றுக்கு சீற் பெல்ற் பூட்டத்தான் எங்கள் தீவிலேயே, அல்லைப்பிட்டியில் ஒரு கராஜில் காரை விட்டிருந்தேன்.

இன்று எடுக்கப் போனேன்.

"வடிவாப் பூட்டியிருக்கு அக்கா" என்றார் மெக்கானிக்.

ஏறி இருந்து, பெல்ற்றை மாட்டி, வெடுக்கென்று இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. நுனியில் ஒரு சின்னத் திருகாணி. அதோடு, உப்புக்காற்றில் துருப்பிடித்த காரின் தரைத் தகரத்தில் ஒரு துண்டு.

"தம்பி, இதுதானோ நீர் வடிவாப் பூட்டினது?"

"ஏனக்கா இந்த இழுவை இழுக்கிறியள்? பொலிஸ் நிக்கிற இடத்தில போட்டுக் காட்டினாக் காணும்தானே. தீவுக்குள்ள ஆர் பெல்ற் போடுகினம்?"

"அடிபடேக்க ஸ்ரியறிங்கில போய் மோதுறது பொலிசோ, நானோ?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தரைக்கு அடியில தடிச்ச தகடு வைச்சு போல்ற் இறுக்க வேணுமெண்டு முதலே சொன்னனான்."

"அதுக்குத் தரையெல்லோ வெட்ட வேணும்."

"வெட்டியிருக்கலாமே! இனி நீர் தொட வேண்டாம்."

அந்தக் கோபத்தோடேயே காரை மெதுவாக உருட்டிக்கொண்டு புளியங்கூடலில் வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் பொலிஸ் மறித்தது. கழன்ற நுனியை இடுப்போடு சேர்த்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். "பெல்ற் சரி. போங்க."

மெக்கானிக்கின் வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் பெல்ற் பூட்டியது எனக்கில்லை, பொலிசுக்கு.

உங்கள் காரில் இருப்பது யாருக்குப் பூட்டியது? ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.