பதினெட்டாவது சால்

கணக்கு இடித்தது. வயலை உழும்போது டிராக்டரக்கா வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவாள். வேலியிலிருந்து எல்லைக்கல் வரை பதினெட்டு சால். கணவன் கண்மூடிய பிறகு அவன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து பதினோரு வருஷமாக ஊர் நிலத்தையெல்லாம் வாடகைக்கு உழுகிறவள். எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை. இன்று பதினைந்திலேயே கல் வந்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம், அடுத்த நிலத்து மில்காரரின் புது முள்வேலி. வேலிக்குள்ளே அவளுடைய கிணறு.

மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்த பத்தே நாளில் நடந்த வேலை. கிணறு போனால் மிச்ச நிலம் வெறும் புழுதி. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும் என்று நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டாள்.

"கல்லு தானா நடந்து போச்சாக்கா?" என்றார் போலீஸ்காரர்.

"தானா நடக்குற கல்லுன்னா உங்ககிட்ட ஏன் சார் வர்றேன்? டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டியிருப்பேனே."

மில்காரர் கெட்டிக்காரர். கல்லைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஊர்க் கூடத்தில் பழங்கதையை அவிழ்த்துவிட்டார். காட்டை வெட்டி நிலமாக்கியது தன் கொள்ளுத்தாத்தாவாம். இவள் மாமனாரோ அணைத் தண்ணீரில் ஊர் முழுகி மூட்டை முடிச்சோடு வந்து குடியேறியவராம். யார் முதலில் வந்தது என்று ஊரே இரண்டாகி ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியது. அந்தக் காட்டுக்குள் அதற்கும் முன்பே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஊர்த் தையல்காரர் கேட்ட அன்று மட்டும் கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

அவள் பிடித்த பிடியை விடவில்லை. யார் முதலில் என்பதல்ல, கல் எங்கே இருந்தது என்பதுதான் தன் கேள்வி என்றாள். மனு மேல் மனுவாகப் போட்டு சர்வேயரை வரவழைத்தாள்.

முன்பெல்லாம் நிலம் அளந்து கல் நடும்போது, அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் கரியைப் போட்டு மூடுவார்கள். கரி மக்காது. அவள் மாமனார் அந்தக் குழியில் இன்னொன்றும் போட்டிருந்தார்: குடியேற வந்த வழியில் உடைந்துபோன பீங்கான் தட்டின் துண்டுகள். ஒரே ஒரு துண்டை மட்டும் தரமாட்டேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்ட மாமியார், சாகும்வரை அதை அடுக்களை அலமாரியில் வைத்திருந்தாள்.

சர்வேயர் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அடியில் வெறும் மண். மில்காரரின் முகம் கறுத்தது. அவள் முள்வேலியைத் தாண்டி மூன்று சால் தூரம் அளந்து நடந்து, "இங்க தோண்டுங்க" என்றாள்.

இரண்டாவது வெட்டிலேயே கரி. கரிக்கு நடுவே நீலப் பூ போட்ட துண்டுகள். முந்தானையில் முடிந்து வந்திருந்த மாமியாரின் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். உடைந்து கிடந்த பூ, நாற்பத்தாறு வருஷம் கழித்து முழுசாக ஒட்டி நின்றது. அப்போதுதான் அவள் கண்ணில் நீர் பொங்கியது.

"என்ன இருந்தாலும் நீங்க பின்னாடி வந்தவங்கதானே," என்று முனகினார் மில்காரர்.

"ஆமாண்ணே, பின்னாடிதான் வந்தோம். ஆனா வந்த இடத்துல யார் கல்லையும் நகர்த்தல."

சர்வேயரோடு வந்திருந்த போலீஸ்காரர், அன்று எழுதாத புகாரைச் சத்தமில்லாமல் எழுத ஆரம்பித்தார். மில்காரரின் ஆட்களே வேலியைப் பிடுங்கினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு.